பிளேட்டில் ஏறிய குலவை

என் அக்கா குலவை போட்டால் மூன்று வயல் தள்ளி மேய்கிற மாடு தலையைத் தூக்கிப் பார்க்கும். எதையும் கூட்டிச் சொல்கிறவள் என்று வீட்டில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு ஊர் அலங்காநல்லூருக்குப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் நடவு. நடவில் பாட்டெடுத்துக் கொடுக்கிறவள் அக்கா. அவள் ஒரு வரி பாட, வரிசையாகக் குனிந்து நிற்கிற பெண்கள் அதையே திருப்பிப் பாடுவார்கள். ஒரு வயல் நட்டு முடிந்ததும் அக்கா நிமிர்ந்து, முந்தானையை ஓர் உதறு உதறி, நாக்கைச் சுழற்றிக் குலவையை எடுப்பாள். எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி குலவை எடுத்தால் காதில் விழுந்த பெண் சும்மா இருக்க மாட்டாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாலும், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் பதில் குலவை போட்டே தீருவாள். பாட்டு என்று ஒன்று எடுத்தால் அது குலவையில்தான் முடிய வேண்டும். இல்லாவிட்டால் கதவைச் சாத்தாமல் வெளியூர் போன மாதிரி இருக்கும்.

ஒரு ஐப்பசிக் காய்ச்சலில் என் மச்சான், அதாவது அக்காவின் புருஷன், போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. அடுத்த நடவுக்கு அக்கா வயலில் இறங்கினாள். பாட்டெல்லாம் வழக்கம்போலத்தான் பாடினாள். முதல் வயல் முடிந்து நிமிர்ந்தபோது வரப்பில் நின்றிருந்த எங்கள் பெரியம்மா கையைக் காட்டினாள்.

“பாட்ட நீயே பாடு தாயி. கொலவை மட்டும் வேணாம். நல்ல காரியம் தொடங்குற எடம்.”

பெரியம்மா என்றால் எங்கள் அப்பாவின் அண்ணன் மனைவி. ஊரில் பெரிய வீடு அவளுடையது. அவள் சொன்னால் சொன்னதுதான். அக்கா தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டாள். பூ போனது, பொட்டுப் போனது, கலர்ச் சேலை போனது, அதற்கெல்லாம் கண்கலங்காதவள் அன்று சேற்றைப் பார்த்துக்கொண்டே அழுதாள். குலவையை எடுக்கிற உரிமை பெரியம்மாவின் மருமகளுக்குப் போனது. அவள் போட்ட குலவையைக் கேட்டால் கோழியைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாற்போல இருக்கும். பதில் போடுகிறவர்களுக்கே கூச்சமாக இருந்தது. எனக்குப் பெரியம்மா மேல் வந்த ஆத்திரத்தில் அவள் வீட்டுப் பக்கமே போவதை நிறுத்திவிட்டேன். அதற்குப் பிறகு வந்த நடவுகளில் எல்லாம் அக்கா பாடி முடித்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பாள்.

எனக்கு அதற்கு முன்பே மதுரையில் கல்யாணம் ஆகியிருந்தது, நடவுக்கு மட்டும் ஊருக்கு வந்து போவேன். என் வீட்டுக்காரர் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர். தெற்கு மாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தோம். நடவும் களையெடுப்பும் இல்லாத மாதங்களில் அக்காவை நான் இழுத்து வந்து எங்களோடு வைத்துக்கொள்வேன். நாடகக் கொட்டகைகள் சிலவற்றில் பேசும்படம் காட்டத் தொடங்கிய காலம் அது. நாடகம் குறைந்து ஆர்மோனியம் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சமயம் பார்த்துத்தான் கிராமபோன் பாட்டுப்பெட்டியும் பிளேட்டும் விற்கிற கடைக்காரர் ஒருநாள் எங்கள் சந்துக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

கம்பெனிக்காரர்கள் மெஷினோடு மதுரைக்கே வருகிறார்களாம். சாமி பாட்டும் நாடகப் பாட்டும் நிறையப் பிளேட்டு போட்டாயிற்று, இப்போது ஜனங்கள் காட்டுப் பாட்டு, மேட்டுப் பாட்டு கேட்கிறார்கள், ஆனால் புதிதாகவும் இருக்க வேண்டும் என்றார் கடைக்காரர். பழையதாகவும் இருக்க வேண்டும், புதிதாகவும் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்வது? என் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

“என் சம்சாரம் பாடுவாண்ணே. பின்பாட்டுக்கு எங்க மதினி இருக்காக. மெட்டு எங்கிட்ட விடுங்க,” என்று சொல்லிவிட்டார்.

எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. நான் பாடுவது பிளேட்டில் வரப்போகிறது! அன்று சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். அவர் இரண்டையும் கவனிக்காமல் சாப்பிட்டார்.

மெட்டு அவர் மனதில் முன்பே இருந்தது. மச்சான் செத்த அன்று அக்கா பாடிய ஒப்பாரியை அவர் மறக்கவில்லை. இழவு வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தபோது இந்த மனுஷன் அழுதுகொண்டே தொடையில் தாளம் போட்டுப் பார்த்ததை நானே பார்த்தேன். நானும் அக்காவும் தண்ணீர் எடுத்து வந்து குடத்தை இறக்கும்போது மெல்ல ஆரம்பித்தார்.

“மதினி, கோவிச்சுக்கக் கூடாது. அந்த மெட்டக் கொஞ்சம் வேகமா ஓட்டுனா தெம்மாங்கு மாதிரி ஓடும். ஒரு வாட்டி பாடிக் காட்டுவீகளா?”

நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அக்கா கோபிக்கவில்லை. ஆனால், “நல்லா இருக்கற வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றீகளே தம்பி,” என்றாள். “வேணும்னா ஆத்துப் பக்கம் போவோம். அங்கன யாரு கேக்கப் போறா?”

இதுதான் அவள் போட்ட முதல் தப்புக் கணக்கு. வைகையில் மணல்தான் ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். சலவைக்காரர்கள் வேட்டியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் மணலில் ஆர்மோனியத்தை இறக்கி வைத்து உட்கார்ந்தோம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள்.

*ஆத்துக்கு அந்தப்பக்கம் – நான்*
*ஆளில்லாம நிக்கையிலே*
*தோளுல வச்சுக் கடந்த ராசா – இன்னைக்குத்*
*தொணையில்லாம விட்டதென்ன?*

இப்படி ஒவ்வொரு ஊர், ஒவ்வொரு சந்தை, ஒவ்வொரு சீர் என்று ஒப்பாரி நீண்டுகொண்டே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் எங்களைச் சுற்றி ஒரு கூட்டம். சலவைக்காரர்கள் எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வந்து தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதில் மூத்தவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே என் வீட்டுக்காரரின் தோளைத் தொட்டார்.

“யாருய்யா போயிட்டாக?”

“யாரும் போகல அண்ணே. பாட்டு. பிளேட்டுக்குப் பழகுறோம்.”

அந்த மனிதருக்கு வந்ததே கோபம்! “யாரும் போகலையா? நான் அழுது முடிச்சுட்டேனே, இப்ப அதுக்கு என்ன பண்றது?” என்று கேட்டுவிட்டு, துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு போய் வேட்டியை முன்னைவிட இரண்டு மடங்கு வேகமாக அடிக்க ஆரம்பித்தார். தொப்பு தொப்பு என்று அடி விழுந்தது. என் வீட்டுக்காரர் காதைத் தீட்டினார். அந்த அடிக்கு ஏற்ற மாதிரி அதே மெட்டை ஆர்மோனியத்தில் ஓட்டினார். சத்தியமாக அது எழுந்து ஆடியது. அழுத கண்ணோடு உட்கார்ந்திருந்த எனக்குக் கால் பெருவிரல் தானாகத் தாளம் போட்டது.

அக்கா திடீரென்று சிரிக்கத் தொடங்கினாள். நிறுத்த முடியாத சிரிப்பு. துக்கம் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்து அவள் முதுகைத் தட்டினேன்.

“தோளுல வச்சுக் கடந்தாராக்கும்!” என்றாள் அக்கா மூச்சு வாங்க. “முழங்கால் தண்ணியப் பாத்தாலே அந்த மனுசனுக்குக் கைகால் ஒதறும்டி. சித்திரைத் திருவிழாவுல இதே எடத்துல நாந்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்தேன். வளையல் வாங்கிட்டு வாரேன்னு கூட்டத்துக்குள்ள போனவரு வழி தெரியாமச் சுத்திட்டுப் பொழுது சாயத்தான் வந்தாரு. கையில என்னங்கற? ஒரு சொளகு!”

“அரிசி பொடைக்கிற சொளகா? அது எதுக்கு?”

“வளையக்காரி கடைய மூடிட்டாளாம். வெறுங்கையோட வரக் கூடாதுன்னு வாங்குனாராம்.”

ஒப்பாரியில் எல்லாப் புருஷன்களும் ராஜாக்கள்தான். உள்ளபடி இருந்த என் மச்சான், தண்ணீருக்குப் பயந்து, சொளகோடு திரும்பி வந்த அந்த நல்ல மனிதர், அன்றைக்குத்தான் பாட்டுக்குள் வந்தார். முதல் வரியைத் தொடாமல் மற்றதை எல்லாம் மூன்று பேருமாக அங்கேயே மாற்றிக் கட்டினோம்.

*ஆத்துக்கு அந்தப்பக்கம் – நான்*
*அழகர் பாக்க நிக்கையிலே*
*வளையல் வாங்கப் போன மச்சான் – இன்னும்*
*வழியத் தேடி நிக்கிறதென்ன?*

*வளையல் கேட்டா சொளகு வாங்கி*
*வந்து நிக்கும் மச்சானே*
*கையில நான் மாட்டிக்கவா – இல்லை*
*காதுலதான் தொங்கவிடவா?*

இரண்டாவது கண்ணி அக்கா கட்டியது. அதைப் பாடி முடித்ததும் மூன்று பேரும் மணலில் சாய்ந்து சிரித்தோம். கோபித்துக்கொண்டு போன சலவைக்காரர் கூடத் திரும்பிப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

பிறகு நீளத்தைக் குறைக்கிற பாடு. பிளேட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான், கொஞ்சம் கூடக் குறையப் பாடலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். “மூணு நிமிசத்துல மூக்குச் சிந்தக்கூட முடியாதே,” என்றாள் அக்கா. எங்களிடம் கடிகாரம் கிடையாது. என் வீட்டுக்காரர் அடுப்பில் கொஞ்சம் பாலை வைத்து, அது பொங்குவதற்குள் பாட்டு முடிய வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்தார். சில நாள் பாட்டு ஜெயித்தது, சில நாள் பால் ஜெயித்தது. எப்படியும் காபி கிடைத்தது. பாட்டு முடிகிற ஒவ்வொரு தடவையும் அக்கா முந்தானையை இழுத்து வாய்க்குள் திணித்துக்கொள்வாள். ஏனென்று எனக்குத் தெரியும். அவளுக்கு அந்த இடத்தில் குலவை வருகிறது.

பருத்தி வியாபாரி ஒருவருடைய காலி மாடியில் மெஷினை வைத்திருந்தார்கள். சுவர் முழுக்க ஜமக்காளம், சன்னலுக்கெல்லாம் கம்பளி. உள்ளே கால் வைத்ததுமே வேர்த்து ஊற்றியது. டோலக் வாசிக்க வந்தவர் மயக்கம் வருகிறது என்றதால் பின்பக்கத்துச் சின்னச் சன்னல் ஒன்றை மட்டும் திறந்து வைத்தார்கள். மெஷின்காரர் கல்கத்தாப் பக்கத்து வாலிபர். காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருந்தார். சிவப்பு விளக்கு எரிந்தால் பாட வேண்டும். விளக்கு அணைகிற வரை பாட்டு முடிந்த பிறகும் யாரும் மூச்சுக்கூட விடக் கூடாது. பாட்டு மெழுகுத் தட்டில் கீறிக்கொண்டு போகுமாம், ஒரு தும்மல் விழுந்தாலும் அதுவும் கீறப்பட்டுவிடுமாம்.

நான் மைக்குக்கு முன்னால் நின்றேன். அக்கா நாலடி பின்னால். விளக்கு எரிந்தது. வாயைத் திறந்ததும் ஆற்று மணலில் உட்கார்ந்திருப்பது போல ஆகிவிட்டது. அக்கா பின்னால் இருந்து வரியைத் திருப்பிக் கொடுக்கக் கொடுக்க எனக்கு நடவு வயலின் குஷி வந்துவிட்டது. சொளகைக் காதில் தொங்கவிட்டு முடித்தேன். ஆர்மோனியம் நின்றது. டோலக் நின்றது. விளக்கு இன்னும் அணையவில்லை.

அக்கா குலவை எடுத்தாள்.

இத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்தது. அது அக்காவைக் கேட்டுக்கொண்டா வரும்? கம்பளியும் ஜமக்காளமும் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. மெஷின்காரர் காதுக் கருவியைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் துள்ளி எழுந்தார். அது போதாதென்று பின் சந்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண்கள், மாடியில் ஏதோ நல்ல காரியம் நடக்கிறது என்று நினைத்து, திறந்திருந்த சன்னல் வழியாகப் பதில் குலவை போட்டார்கள். அதைக் கேட்டு அடுத்த வீட்டில் ஒருத்தி. பிறகுதான் விளக்கு அணைந்தது.

கடைக்காரர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “அம்மா, இதென்ன கல்யாண வீடா?” என்றார். அக்கா கையைக் கூப்பினாள்.

“வாயி தானா தொறந்துருச்சய்யா.”

மறுபடியும் ஒரு தட்டில் பாடச் சொன்னார்கள். இந்தத் தடவை அக்கா முந்தானையை வாய் நிறையத் திணித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். பின்பாட்டு இல்லாமல் நான் மட்டும் பாடினேன். தப்பில்லாமல்தான் பாடினேன், ஆனால் உப்பில்லாத கஞ்சி. அடுத்த பக்கத்துக்கு ஒரு நாடகப் பாட்டையும் பாடிக் கொடுத்தேன். தட்டுகள் எல்லாவற்றையும் பெட்டியில் வைத்து ரயிலேற்றிவிடுவார்களாம், இரண்டில் எதைப் பிளேட்டு ஆக்குவது என்பதைக் கம்பெனியில்தான் முடிவு செய்வார்களாம்.

ஜட்கா வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். சந்து முனையில் இறங்கியதும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

“அந்தப் பிளேட்டு நாலு நல்ல வீட்டுக்குப் போகுமேடி. கல்யாண வீட்டுல போடுவாக. என் கொலவை பட்டு எந்தப் பொண்ணோட தாலிக்கு என்ன வருமோ. எனக்கு வந்தது யாருக்கும் வரக் கூடாது.”

“வாயில இருந்து வர்ற சத்தம் தாலிய அறுக்குமாக்கும்! அப்பிடின்னா ஊருல பாதிப் பேருக்குத் தாலி இருக்காது,” என்று கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். என் கோபம் அவள் மேல் இல்லை. வரப்பில் கையைக் காட்டிய அந்தப் பெரிய வீட்டுக்காரி மேல்.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா அழகர்கோவிலுக்குப் போக வேண்டும் என்றாள். கூடப் போனேன். பெருமாளைப் பார்ப்பதற்கு முன்பே பதினெட்டாம்படிக் கருப்பன் கதவுக்கு முன்னால் நின்று கையைக் கூப்பிவிட்டாள். என்ன வேண்டுகிறாள் என்று காதைக் கொடுத்தேன். “அந்த மெழுகுத் தட்டு வழியிலேயே ஒடஞ்சு போகணும் சாமி.” எனக்கு வந்தது ஆங்காரம். பக்கத்திலேயே நின்று, அவளுக்குக் கேட்கிற மாதிரி, “பத்திரமாப் போய்ச் சேரணும் சாமி, குலவையோட வரணும்,” என்று வேண்டிக்கொண்டேன். அவள் சத்தத்தைக் கூட்டினாள். நானும் கூட்டினேன். பூசாரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரும் ஒரே வீடா தாயி?” என்று கேட்டார். திரும்பி வரும் வழியெல்லாம் எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ஆனால் அவள் வேண்டுதலை அவள் மாற்றிக்கொள்ளவில்லை.

கருப்பன் என் பக்கம் நின்றான். சில மாதம் கழித்துக் கடைக்காரர் ஆளனுப்பினார். மூன்று பேரும் போனோம். கறுப்பாக, பளபளவென்று இருந்தது பிளேட்டு. அவர் பெட்டிக்குச் சாவி கொடுத்து ஊசியை வைத்தார். என் குரல் எனக்கே வேறு யாரோ போலக் கேட்டது. சொளகு வரி வந்தது. நான் அக்காவைப் பார்த்தேன், அக்கா தரையைப் பார்த்தாள். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு பெட்டியின் குழாயிலிருந்து குலவை பாய்ந்தது. அதற்குப் பின்னால், தூரத்தில், பூக்கட்டுகிற பெண்களின் பதில் குலவை. தெருவில் மோர் விற்றுக்கொண்டு போன ஒருத்தி பானையை இறக்கி வைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நாக்கைச் சுழற்றினாள்.

“கம்பெனியில இதத்தான் எடுத்துருக்காங்க. இன்னொன்னு செத்துக் கெடக்குதாம்,” என்றார் கடைக்காரர். அன்றைக்குத் தலையில் கை வைத்தவர் இவர்தான். இப்போது வாயெல்லாம் பல்.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல? காபி கிளப்பில் பிளேட்டு போட்டால் எதிர்வீட்டு மாடியிலிருந்து குலவை. ஜவுளிக்கடையில் போட்டால் சேலை எடுக்க வந்தவர்கள் சேலையைக் கையில் பிடித்தபடி குலவை. கேட்டால் பதில் போட வேண்டுமே, பெட்டி போட்டாலும் குலவை குலவைதானே! மிஷன் பள்ளிக்கூடத்து டீச்சரம்மா ஒருத்தி, வேதக்காரப் பெண், தெருவில் குடையோடு நின்று சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சின்னதாக ஒன்று போட்டதை நானே கண்ணால் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் யாராவது பேசினால் போதும், என்னைத்தான் பேசுகிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். பிளேட்டின் காகிதத்தில் என் பெயர்தான் இருந்தது. ஆனால் ஜனங்கள் காத்திருந்தது அக்கா வருகிற இடத்துக்குத்தான். எனக்கு அதில் வருத்தம் இல்லை. இருந்தது, கொஞ்சம். அக்காவோ தெருவில் பிளேட்டு கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வேகமாக நடந்துவிடுவாள்.

அடுத்த வைகாசியில் பெரியம்மாவின் கடைசி மகளுக்குக் கல்யாணம் வந்தது. போக மாட்டேன் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அக்காதான், “அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு?” என்று இழுத்துக்கொண்டு போனாள். போனதும் யாரும் சொல்லாமலே பின்கட்டுக்குப் போய் அரிசி களைகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். தாலி கட்டும்போது அவள் முன்னால் வர மாட்டாள். அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நானும் பிடிவாதமாக அவளோடேயே உட்கார்ந்தேன்.

பந்தலில் பாட்டுப்பெட்டி இருந்தது. பெரிய வீட்டில் புதிதாக வாங்கியது. பெரியம்மா என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அதற்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டாள். “தாலி ஏறுறப்ப அந்தக் கொலவைப் பிளேட்டு பாடணும் மாப்ள. எம் மருமக கொலவை வேணாம்,” என்றாளாம். அவர் பின்கட்டுக்கு ஓடி வந்து எங்களிடம் சொன்னார். அக்கா கையிலிருந்த அரிசி தண்ணீரோடு தரையில் கொட்டியது.

“தம்பி, வேணாம். அந்தப் புள்ள தாலி தம்பி. வேற பிளேட்டு போடுங்க.”

“பெரியம்மா சொன்னப்புறம் நான் என்ன மதினி செய்ய?” என்று சொல்லிவிட்டு அவர் திரும்ப ஓடினார்.

எனக்கும் மனசு அடித்துக்கொண்டது. பின்கட்டுக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முழுப் பாட்டுக்கும் நேரம் இல்லாததால் என் வீட்டுக்காரர் ஊசியை நேராகக் கடைசிக் கோடுகளில் இறக்கத் தயாராகக் கையைத் தூக்கி வைத்திருந்தார். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் என்று யாரோ கத்தினார்கள். ஊசி இறங்கியது. குலவை எழுந்தது. பந்தல் நிறைய இருந்த பெண்கள் பதில் எடுத்தார்கள்.

அந்தப் பிளேட்டு ஊரெல்லாம் ஓடித் தேய்ந்தது போலத்தான் பெரிய வீட்டிலும் தேய்ந்திருந்தது. ஊசி குலவைக் கோட்டிலேயே மாட்டிக்கொண்டது. ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி லுலுலு, லுலுலு என்று முடிவே இல்லாமல் குலவை. பெட்டி நிறுத்தாமல் பெண்கள் எப்படி நிறுத்துவது? மூச்சு முட்டுகிறது, முகமெல்லாம் சிவக்கிறது, ஒருத்தியும் விடுவதாக இல்லை. மாப்பிள்ளைக்குச் சிரிப்பில் கை நடுங்கி இரண்டாம் முடிச்சு நழுவியது. பெண் தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை விட்டுவிட்டார். ஒருவழியாக மூன்றாம் முடிச்சும் விழுந்தது. என் வீட்டுக்காரர் பதறிப் போய் ஊசியைப் பிடுங்கினார். கிறீச் என்று ஒரு சத்தம், பெட்டி நின்றது. பெண்கள் எல்லோரும் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள்.

ஆனால் குலவை நிற்கவில்லை.

நான் திரும்பினேன். என் பக்கத்தில் அக்கா எழுந்து நிற்கிறாள். கையில் ஒட்டிய அரிசி, கண்ணில் தண்ணீர், வாயில் குலவை. பதில் போட்டிருக்கிறாள். அவள் குலவைக்கு அவளே. பெட்டி நின்றது அவளுக்குத் தெரியவில்லை. பந்தலில் அத்தனை பேரும் பின்கட்டைப் பார்த்தார்கள். அக்காவுக்கு அப்போதுதான் உணர்வு வந்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள்.

பெரியம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். நான் அக்காவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். ஒரு வார்த்தை தப்பாக வந்தால் பெரிய வீடு சின்ன வீடு பார்க்காமல் கேட்டுவிடுவது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மா என்னைக் கையால் ஒதுக்கிவிட்டாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

“கடையில அந்தப் பிளேட்டக் கேட்டப்பவே தெரியும்டி இது யாரு தொண்டைன்னு. எத்தன நடவு கேட்டுருக்கேன், எனக்குத் தெரியாதா? பெட்டியே அதுக்குத்தான் வாங்குனேன். அன்னைக்கு வரப்புல ஊரு வாய்க்குப் பயந்து வேணாம்னு சொல்லிப்புட்டேன். பெட்டி பாடுனா ஊரு ஒண்ணும் சொல்லாதுல்ல? அதான் பெட்டியப் பாடச் சொன்னேன். அதுவும் பாரு, பாதியில மக்கர் பண்ணுது.” பெரியம்மா அக்காவின் ஈரக் கையைப் பிடித்தாள். “பெட்டி எனக்கு எதுக்கு? எம் மக தாலிக்கு நீ வந்து போடு.”

அக்கா நகரவில்லை. மணமேடையிலிருந்து பெண்தான் குரல் கொடுத்தாள், புதுத்தாலி கழுத்தில் ஆட: “அக்கா, வாக்கா!”

நான் சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தேம்பித் தேம்பி அழுதேன். நடுவில் சிரித்தேன். என் வீட்டுக்காரர் ஊசியைக் கையில் பிடித்தபடி, அழுதுகொண்டே, தொடையில் தாளம் போட்டார். பந்தலில் இருந்த பெரிய மனுஷர்கள் சிலர் தொண்டையைக் கனைத்தார்கள். பெரியம்மா திரும்பிப் பார்த்ததும் கனைப்பு நின்றது.

அக்கா பந்தலுக்கு நடுவில் வந்து நின்றாள். முந்தானையை ஓர் உதறு உதறினாள். தெருக்கோடியில் கட்டியிருந்த மாப்பிள்ளை வீட்டு வண்டி மாடுகள் எல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தன. குறைத்துத்தான் சொல்கிறேன்.